ஆரோக்கியமான பிள்ளைக்குப் பெருந்தொற்றுத் தடுப்பூசி: விதி என்ன, பெற்றோரின் உரிமை என்ன?

2021 டிசம்பர் 25 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் பேசியபோதுதான் பல வீடுகளுக்கு விஷயம் தெரிந்தது. 15 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் 2022 ஜனவரி 3 முதல் கொரோனா தடுப்பூசி போடப்படும் என்றார். இடையில் பத்து நாள்கூட இல்லை. எந்த ஊசி, எங்கே போடுவார்கள், எந்த அட்டை கொண்டுபோக வேண்டும் என்பதற்கெல்லாம் சீக்கிரமே பதில் வந்துவிட்டது. 'எந்த நோயும் இல்லாமல் ஓடியாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது எதற்கு?' என்று கேட்ட பெற்றோருக்கு மட்டும் யாரும் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை. அதைக் கேட்டவர்களைத் தடுப்பூசிக்கு எதிரிகள்போலப் பார்த்ததுதான் மிச்சம்.

நியாயமான கேள்வி அது. திட்டத்தின் விதிகளோடு சேர்த்தே அதையும் பார்த்துவிடலாம். அடுத்த பெருந்தொற்று வந்தால் ஏறக்குறைய இதே சட்டகத்தில்தான் அரசு இயங்கும். இடையில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் இருக்கிறது.

முதலில் விதிகள். டிசம்பர் 27 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2007-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ பிறந்த பிள்ளைகள் தகுதியானவர்கள். பிறந்த ஆண்டை மட்டும் பார்த்ததால், 2007 டிசம்பரில் பிறந்து 15 வயதை இன்னும் தொடாத பிள்ளையும் இதற்குள் வந்தது. ஊசி கோவாக்சின் மட்டும். இரண்டு தவணை, இடையில் 28 நாள். அரசு மையங்களில் வருமான வரம்பு எதுவும் இல்லாமல் எல்லாருக்கும் இலவசம். தனியார் மருத்துவமனையில் கோவாக்சினுக்கு அதிகபட்சம் 1,410 ரூபாய் வாங்கலாம் என்று அரசு ஏற்கெனவே வரம்பு வைத்திருந்தது. அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினில் ஜனவரி 1 முதல் பதிவு செய்யலாம், நேரில் போயும் பதியலாம். ஆதார் இல்லாத பிள்ளைக்குப் பள்ளி அடையாள அட்டையே போதும். கொரோனா வந்து குணமான பிள்ளைக்கு மூன்று மாதம் கழித்துத்தான் ஊசி.

அப்புறம் மார்ச் 16 அன்று 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் திட்டம் நீட்டிக்கப்பட்டது. இதில் ஊசி கோர்பேவாக்ஸ், ஹைதராபாத்தின் பயாலஜிக்கல் இ நிறுவனத் தயாரிப்பு. இங்கே விதி கொஞ்சம் கறார். ஊசி போடும் நாளில் 12 வயது முடிந்திருக்க வேண்டும், கோவினில் பெயர் பதிவாகியிருந்தாலும் வயது முடியாத பிள்ளைக்குப் போடக்கூடாது, வயதைச் சரிபார்ப்பது ஊசி போடுபவரின் பொறுப்பு.

தமிழ்நாட்டில் முகாம்கள் பெரும்பாலும் பள்ளிகளிலேயே நடந்தன. பள்ளிக் கூடத்தில் நடந்ததால் வேலை வேகமாக முடிந்தது, ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஊசி போய்ச் சேர்ந்தது. இது இந்த மாநிலத்தின் பலம். ஆனால் அதே வேகத்தில் சில விஷயங்கள் நழுவின. என் மகள் அப்போது பதினோராம் வகுப்பு. பள்ளியிலிருந்து வந்த ஒப்புதல் சீட்டு அரைப் பக்கம்கூட இல்லை: 'என் மகன்/மகளுக்குத் தடுப்பூசி செலுத்தச் சம்மதிக்கிறேன்', கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. ஊசியின் பெயர் அதில் இல்லை. எதற்கு, என்ன பக்கவிளைவு வரலாம், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. கையெழுத்துப் போட்டேன், ஊசியும் போட்டார்கள், இரண்டு நாள் கை வலியோடு போயிற்று. ஆனாலும் அந்தச் சீட்டை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விவரம் தெரிந்த பிறகு கொடுப்பதுதான் ஒப்புதல்.

விவரம் கொடுக்காததன் விளைவு நாடு முழுக்கத் தெரிந்தது. சில மையங்களில் ஊசி போட்டதும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மூன்று மாத்திரை போடச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்கள். கோவாக்சினுக்குப் பின் பாராசிட்டமாலோ வலி மாத்திரையோ பரிந்துரைக்கவில்லை என்று தயாரிப்பு நிறுவனமான பாரத் பயோடெக்கே அறிக்கை விட வேண்டியதாயிற்று. இந்த வயதினருக்கு அனுமதி இல்லாத வேறு ஊசிகள் சில இடங்களில் போடப்படுவதாகத் தகவல் வந்து, கோவாக்சின்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள் என்று சுகாதாரப் பணியாளர்களை அதே நிறுவனம் 2022 ஜனவரியில் கேட்டுக்கொண்டது. சீட்டில் ஊசியின் பெயரை அச்சடித்திருந்தால் அம்மா அப்பாவே அதைச் சரிபார்த்திருப்பார்கள்.

சரி, ஆரோக்கியமான பிள்ளைக்கு இந்த ஊசி தேவையா என்ற கேள்விக்கு வருவோம்.

பள்ளியில் 10 வயதிலும் 16 வயதிலும் போடும் ரணஜன்னித் தடுப்பான டிடி ஊசியை யாரும் கேள்வி கேட்பதில்லை. ரணஜன்னி வந்தால் அந்தப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து, ஊசியின் பலன் அந்தப் பிள்ளைக்கே. கொரோனாவில் கணக்கு அவ்வளவு நேரடியாக இல்லை. ஆரோக்கியமான வளரிளம் பிள்ளைகளில் நோய் கடுமையாவது மிக அரிது. உலக சுகாதார நிறுவனமும் 2021 நவம்பரில் இதைத்தான் சொன்னது: இணை நோய் இல்லாத சிறாருக்கு ஊசி போடுவது, முதியவர்களுக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் போடுவதைவிட அவசரம் குறைந்தது. எனவே பலன் சிறிது. பலன் சிறிதாக இருக்கும் இடத்தில் பாதிப்பு அதைவிடச் சிறிதா என்று காட்டியாக வேண்டும்.

இங்கேதான் நம் தரவு மெலிந்து போகிறது. சிறாரிடம் கோவாக்சின் சோதனை நடந்தது மொத்தம் 525 பேர் அளவில், மூன்று வயதுப் பிரிவுகளில். 12 முதல் 18 வயதுப் பிரிவில் சுமார் 175 பேர். கடுமையான பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை, நோய் எதிர்ப்புத் திறன் பெரியவர்களுக்கு உண்டான அளவுக்கு உண்டானது. நல்ல செய்திதான். ஆனால் பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய பாதிப்பு 175 பேரிடம் தென்படாது. அந்தச் சோதனை அளந்ததும் ரத்தத்தில் உண்டான எதிர்ப்புத் திறனைத்தான். ஊசி போட்ட பிள்ளைக்கு நோய் எவ்வளவு குறைந்தது என்பதை அளக்க அது வடிவமைக்கப்படவில்லை. கோவாக்சின் செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு தயாரித்தது. இளம் ஆண்களுக்கு, குறிப்பாக இரண்டாம் தவணைக்குப் பின், அரிதாக வந்த இதயத்தசை அழற்சி ஃபைசர், மாடர்னா போன்ற, வைரஸுக்குப் பதில் அதன் மரபுக் குறிப்பைக் கொண்டு வேலை செய்யும் எம்ஆர்என்ஏ ஊசிகளோடு தொடர்புடையது. அவை இந்தியப் பிள்ளைகளுக்குப் போடப்படவில்லை. ஆகவே வெளிநாட்டு அச்சத்தை அப்படியே இங்கே இறக்குவது தவறு. வெளிநாட்டுத் தரவை வைத்து இங்கே பலனை நிரூபிப்பதும் அதே அளவு தவறு.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலையில் நடத்திய ரத்தப் பரிசோதனை ஆய்வில், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 61.6 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோன தடயம் இருந்தது. ஊசியே போடாத வயதினர் அவர்கள். அதாவது 2022 ஜனவரியில் வரிசையில் நின்ற பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே கொரோனாவைச் சந்தித்தவர்கள். டெல்லி எய்ம்ஸில் கோவாக்சின் சோதனையை முன்னின்று நடத்திய மருத்துவர் சஞ்சய் ராயே, சிறாருக்கான இந்த முடிவு அறிவியல்பூர்வமானதல்ல என்று அறிவிப்பு வந்த மறுநாளே வெளிப்படையாகச் சொன்னார். தடுப்பூசியை எதிர்ப்பவர் இல்லை அவர், கணக்கைக் காட்டுங்கள் என்றவர்.

இந்தக் கணக்கை வெளிப்படையாகப் போட்டுக் காட்டிய நாடு பிரிட்டன். அங்கே தடுப்பூசி ஆலோசனைக் குழு 2021 செப்டம்பர் 3 அன்று, ஆரோக்கியமான 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு உடல்நலப் பலன் பாதிப்பைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், எல்லாருக்கும் போடச் சொல்ல அது போதாது என்றது. பள்ளி பாதிப்பது போன்ற பரந்த விஷயங்கள் தன் வரம்பில் இல்லை என்று அதைத் தலைமை மருத்துவ அதிகாரிகளிடம் விட்டது. பிரிட்டனின் நான்கு நாடுகளான இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரிகளும் செப்டம்பர் 13 அன்று, படிப்பு தடைபடுவதையும் சேர்த்துப் பார்த்து, ஒரு தவணை ஃபைசர் வழங்கலாம் என்றார்கள். முடிவு சரியா என்பதில் அங்கேயே சண்டை இருந்தது. ஆனால் எந்தக் காரணத்துக்காக வழங்குகிறோம் என்பது காகிதத்தில் இருந்தது.

அந்தப் பள்ளிக் காரணம் நமக்கு இன்னும் கனமாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மறுபடி உள்ளே போனது 2021 நவம்பர் 1 அன்று. ஒன்பது முதல் பன்னிரண்டு வகுப்புகளுக்கும் நடுநடுவே திறப்பதும் மூடுவதுமாகவே போயிற்று. எழுத்துக்கூட்டிப் படிக்க மறந்த பிள்ளைகளுக்காக 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஒரு திட்டமே தேவைப்பட்டது. ஊசி போட்டால் பள்ளி திறந்திருக்கும் என்றால் அது அந்தப் பிள்ளைக்கான நேரடிப் பலன். வீட்டில் சர்க்கரை நோயுள்ள தாத்தாவோடு ஒரே அறையில் தூங்கும் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் அது நிம்மதி. எனவே வழங்கியது சரி என்பதே என் முடிவு. ஆனால் பெரியவர்களுக்கும், ஆஸ்துமா, இதய நோய், நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கும் போட்டு முடித்த பிறகுதான் ஆரோக்கியமான பிள்ளையின் முறை வர வேண்டும். இங்கே இணை நோயுள்ள பிள்ளைகளுக்கு முன்னுரிமை தராமல் எல்லாருக்கும் ஒரே நாளில் திறந்துவிட்டார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கட்டாயமா என்பதற்குப் பதில் தெளிவானது: இல்லை. 2022 ஜனவரியில் மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில், சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமல் வலுக்கட்டாயமாக ஊசி போடுவதற்கு வழிகாட்டுதலில் இடமில்லை என்று சொல்லியிருக்கிறது. அதே மாதத்தில் ஹரியானா அமைச்சர் ஒருவர், ஊசி போடாத பிள்ளைகளைப் பள்ளி திறக்கும்போது உள்ளே விடமாட்டோம் என்றார். எந்தக் கையெழுத்தும் கேட்காமலே பெற்றோரை மிரட்டும் வழி இது. 2022 மே 2 அன்று, தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய் அமர்வு தீர்ப்புச் சொன்னது. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவின்படி யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, ஊசி போடாதவர்களிடமிருந்து தொற்று பரவும் ஆபத்து அதிகம் என்று காட்ட மாநிலங்கள் தரவு எதையும் வைக்கவில்லை, தொற்று குறைவாக இருக்கும்வரை கல்வி நிறுவனங்கள் உட்பட எல்லாரும் இத்தகைய தடைகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. சிறாருக்கு ஊசி போடும் முடிவு உலக அறிவியல் கருத்தோடு ஒத்துப்போவதால் அதில் தலையிட மறுத்தது. ஆனால் சிறார் ஊசிகளின் சோதனை முடிவுகளைச் சீக்கிரம் பொதுவெளியில் வைக்கச் சொன்னது. இந்தத் தீர்ப்பின் இந்தப் பகுதி பெற்றோர் கையில் இருக்கவேண்டிய ஆவணம். ஆனால் இதை எடுத்துக்கொண்டு போலியோவுக்கும் தட்டம்மைக்கும் வேண்டாம் என்று போய் நிற்காதீர்கள். நீதிமன்றம் பார்த்தது கொரோனாவை மட்டும்தான்.

இனி ஒருமுறை பள்ளியிலிருந்து இப்படி ஒரு சீட்டு வந்தால், கையெழுத்துக்கு முன் ஊசியின் பெயரையும் இந்த வயதுக்கு அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள். பிள்ளைக்கு முன்பு எந்த ஊசிக்காவது ஒவ்வாமை வந்திருந்தால் அதை எழுதிக் கொடுங்கள். ஊசி போட்ட பின் அரைமணி நேரம் மையத்திலேயே உட்கார வைக்க வேண்டும் என்பது விதி, மணி அடித்துவிட்டது என்று வகுப்புக்கு அனுப்பக் கூடாது. வீட்டுக்கு வந்த பின் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்று ஏதாவது வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். பிறகு கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ சொல்லி, தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்பாகப் பதியச் சொல்லுங்கள். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அது மாவட்டக் குழுவின் விசாரணைக்குப் போக வேண்டியது. காரணம் ஊசியா வேறா என்பதை அந்தக் குழுதான் பார்க்கும், பதிவே இல்லையென்றால் பார்க்க எதுவும் இருக்காது. அரிதான மரணங்களுக்கு அரசு நேரடியாக இழப்பீடு தரப் பொறுப்பில்லை என்று 2022 நவம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டதை நினைத்தால், ஊசியின் பெயர், மருந்தின் தொகுதி (பேட்ச்) எண், தேதி, மருத்துவரின் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைப்பது நல்லது.