லினோகட்: தமிழில் என்ன சொல்வது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் லினோ என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். அடுப்பங்கரைத் தரையில் ஒட்டியிருக்கும் விரிப்பு. அந்த விரிப்பில் ஒரு துண்டை எடுத்து உளியால் செதுக்கி, மை உருட்டி, தாளில் ஒற்றி எடுக்கும் படத்துக்குத்தான் லினோகட் என்று பெயர். இதை 'லினோ ஓவியம்' என்று எழுதிவிடுவது எளிது, ஆனால் பொருந்தாது. தூரிகையும் இல்லை, தீட்டுவதும் இல்லை. வேலை வெட்டுவதிலும் ஒற்றுவதிலும் இருக்கிறது. தமிழ்ப் பெயரிலும் அது தெரிய வேண்டும்.

லினோலியம் என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் வால்டன் 1860-களில் கட்டிய பெயர். லத்தீனில் 'லினும்' ஆளிச்செடி, 'ஓலியம்' எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் பால் ஆடைபோலத் தோல் கட்டும். அந்தத் தோலோடு தக்கைத்தூள், மரத்தூள், பிசின் சேர்த்துச் சணல் துணிமேல் அழுத்தினால் லினோலியம். பெயர் ஊரெல்லாம் பரவி, 1878-இல் வழக்கு மன்றம் ஏறியபோது, அது வணிக முத்திரை அல்ல, பொருளின் பெயரே என்று தீர்ப்பாயிற்று. கோட்டைக் குறிக்கும் ஆங்கில 'லைன்' என்ற சொல்லும் அதே ஆளிநாரில் திரித்த நூலிலிருந்து வந்ததுதான். கோட்டை நம்பிப் பிழைக்கும் கலைக்கு அமைந்த பெயர்ப்பொருத்தம்.

பொருளை அப்படியே பெயர்த்தால் 'ஆளிவெட்டு' ஆகும். சங்கப் பாட்டில் ஆளி என்றால் யாளி. யானையையே அடிக்கும் விலங்கு. காட்சிக்கூடத்தில் 'ஆளிவெட்டு' என்று எழுதி வைத்தால் வேட்டைப் படம் என்று நினைத்து வருவார்கள். லினோ லினோவாகவே இருக்கட்டும்.

'கட்' என்பதற்கு வெட்டு என்ற சொல் நம்மிடம் பழையது: கல்வெட்டு. கல்வெட்டிலிருந்து மைப்படி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு லினோகட் பாதி புரிந்துவிடும். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, தாளின் மேற்புறத்தில் மை ஒற்றுவார்கள். பள்ளம் வெள்ளையாக நிற்கும், மேடு கறுக்கும். லினோவிலும் அதே கணக்குத்தான். ஒரு வேறுபாடு பெரியது: இங்கே மை தாளின்மேல் அல்ல, பலகையின்மேல் ஏறுகிறது. அதனால் படம் இடவலம் மாறி விழும்.

மற்ற பாதி அச்சு. வெல்லத்துக்கு அச்சு, முறுக்குக்கு அச்சு, 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' வந்ததும் அச்சில். இரண்டையும் சேர்த்து 'வெட்டச்சு' என்றால் முழு வேலையும் சொல்லுக்குள் அடங்கும். மரப்பலகையில் செய்தால் மர வெட்டச்சு, லினோவில் செய்தால் லினோ வெட்டச்சு. செதுக்கிய துண்டு 'வெட்டுப்பலகை', அதிலிருந்து எடுக்கும் தாள் 'படி'. 'செதுக்கோவியம்' என்ற பெயர் சிற்பத்தோடு குழப்பும் என்பதால் அதை ஒதுக்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கலை வேர் பிடிக்க முக்கியக் காரணம் அதன் மலிவு. பெரிய அச்சு இயந்திரம் தேவையில்லை; ஒரு துண்டு லினோ, இரண்டு உளி, தாளைத் தேய்த்து ஒற்ற ஒரு மரக்கரண்டி போதும், இருபது முப்பது படி எடுக்கலாம். சுவீடனிலிருந்து வந்த உல்லா, பெடர் கொவேனியஸ் தம்பதி 1962-இல் தொடங்கிய கலைக்கூடம், பிறகு நேட்டாலின் ரோர்க்ஸ் டிரிஃப்டில் நிலைகொண்டது. நிறவெறி ஆட்சியில் கறுப்பினத்தவர் ஓவியம் கற்க வழி இருந்த மிகச் சில இடங்களில் அது ஒன்று. அதன் நுண்கலைப் பிரிவு 1982-இல் மூடப்பட்டது. அங்கிருந்து வந்த அசாரியா ம்பாத்தா விவிலியக் கதைமாந்தரை ஆப்பிரிக்க முகங்களோடு கட்டம் கட்டமாக வெட்டினார். ஜான் முவாஃபாங்கேஜோ தன் தனிமையையும், தேவாலயத்தையும், தான் படித்த பள்ளியையும் ஒரே கையால் வெட்டினார். படத்துக்குள்ளேயே வாசகங்களையும் வெட்டி வைத்தார். சமூகம் ஒரு பக்கம், சொந்த வாழ்க்கை ஒரு பக்கம் என்று பிரிக்க முடியாத படங்கள் அவை.

இதில் கருவியின் பங்கும் உண்டு. வெட்டாத பலகையை ஒற்றினால் முழுக் கறுப்பு. ஒவ்வொரு வெட்டும் ஒரு வெளிச்சம். கறுத்த முகத்தை வரைய முகத்தை அப்படியே விட்டு, கண்ணுக்கும் கன்ன மேட்டுக்கும் நாலு கீற்று எடுத்தால் போதும். சாம்பல் நிறம் கிடையாது. வேண்டுமானால் கோடுகளை நெருக்கி ஏமாற்றலாம்.

இனி வேலை. சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள, சணல் முதுகுள்ள லினோவே வேண்டும். இன்று வீட்டுத் தரையில் லினோ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் வினைல். முதுகில் சணல் இழையும் ஆளி எண்ணெய் வாடையும் இல்லையென்றால் அது லினோ அல்ல. பழைய தரையைப் பெயர்த்துச் செதுக்கவோ தேய்க்கவோ கூடாது. சில பழைய வினைல் விரிப்புகளின் அடியில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும்.

குளிரில் லினோ இறுகும், உளி வழுக்கும். வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் வெண்ணெய்போல் வெட்டுப்படும். படத்தை இடவலம் மாற்றிப் பதித்து, மேலே நீர்த்த சிவப்பு மை பூசிக்கொண்டால் வெட்டிய இடம் வெளிறித் தெரியும். கோட்டுக்கு 'வி' முனை, பரப்பை வழிக்க 'யு' முனை. மறு கை எப்போதும் உளிக்குப் பின்னால். வளைவில் கையைத் திருப்பாமல் பலகையைத் திருப்ப வேண்டும். கோட்டின் கரை மலைச்சரிவுபோல் வெளிநோக்கிச் சாய வேண்டும். உள்நோக்கிக் குடைந்தால் ஒற்றும்போது கோடு ஒடிந்துவிடும். சணல் தெரியும்வரை தோண்ட வேண்டியதில்லை.

மையைக் கண்ணாடியில் மெல்லிசாக உருட்டினால் ரோலர் 'சிஸ்' என்று ஒலிக்கும். சளசளவென்றால் மை மிகுதி. மெல்லிய வெட்டுகள் அடைபடும். படியில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தால் மை குறைவு. கரண்டியால் தேய்க்க மெல்லிய தாள் ஏற்றது. தடித்த தாளுக்கு அழுத்து இயந்திரம் வேண்டும். டர்பன் கோடைப் புழுக்கத்தில் எண்ணெய் மை காய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டு அடுக்கினால் ஒரு படியின் மை மற்றதன் முதுகில் ஏறும்.

தமிழ் எழுத்தை வெட்டுவது தனிச் சோதனை. 'தொ' என்று படியில் விழ, பலகையில் கொம்பு வலக்கோடியில், நடுவில் 'த', இடக்கோடியில் கால். எழுத்து கறுப்பாக நிற்க வேண்டுமென்றால் சுற்றிலும் வழிக்க வேண்டும். அப்போது மெய்யெழுத்தின் புள்ளி தனித் தீவாகி, இரண்டு மூன்று படியிலேயே பெயர்ந்து, 'க்' எல்லாம் 'க' ஆகிவிடும். எழுத்தையே வெட்டி வெள்ளையாக விட்டால் புள்ளிக்கு உளியை ஓரிடத்தில் ஊன்றிப் பலகையை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

படி காய்ந்ததும் படத்துக்குக் கீழே பென்சிலால் எழுதுவது முறை. இடப்பக்கம் எண்: 5/20 என்றால் இருபதில் ஐந்தாவது. நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையொப்பம். சுவரில் தொங்கும்போது பக்கத்துச் சீட்டில் 'லினோ வெட்டச்சு' என்று எழுதலாம்.