இடைவெளிக்குப் பிறகு கோர்ட்டுக்குத் திரும்பும் பெண் வழக்கறிஞர்கள்: எந்தக் காகிதம், எங்கே சிக்கல்

எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டீர்கள் என்பதற்காக உங்கள் வழக்கறிஞர் பதிவு காலாவதி ஆகிவிடாது. கடலூரிலும் புதுச்சேரியிலும் தொழிலுக்குத் திரும்ப நினைக்கும் பெண்களுக்கு முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "திரும்ப என்ரோல் பண்ணணும்மா" என்பதாகத்தான் இருக்கிறது. அது தவறு. சொல்பவர் குமாஸ்தாவாக இருந்தாலும் சங்க நிர்வாகியாக இருந்தாலும் தவறுதான். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, பதிவேட்டில் ஏறிய பெயர் நான்கு வழிகளில்தான் போகும்: இறப்பு, நீங்களே எழுதிக் கேட்டது, மோசடியாகப் பதிந்தது, ஒழுங்கு நடவடிக்கை. பிள்ளை பெற்றதும், மாமியாரைப் பார்த்துக்கொண்டதும், கணவரின் மாற்றலோடு ஊர் ஊராய்ப் போனதும் அந்தப் பட்டியலில் இல்லை.

இதற்கென்று ஒரு திட்டத்தின் பெயரைத் தேடி அலைய வேண்டாம். உங்களுக்குக் கைகொடுப்பது இந்திய பார் கவுன்சில் விதிகளில் ஆறாம் பாகம், மூன்றாம் அத்தியாயம், 5ஆம் விதி. அதை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் வாய்ப்பேச்சுக்கு மரியாதை குறைவு, விதி எண்ணுக்குக் கொஞ்சம் அதிகம்.

நீங்கள் எந்த வகை என்று முதலில் பாருங்கள்

சென்னைக்கு பஸ் ஏறுவதற்கு முன்பே இதை முடிவு செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. கடலூரிலிருந்து போய்வந்தால் ஒரு நாள் முழுதும் போய்விடும். தவறான மனுவோடு போனால் இன்னொரு நாளும் போகும்.

கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தினீர்கள், யாருக்கும் எழுதவில்லை, சம்பள வேலைக்கும் போகவில்லை என்றால் உங்கள் பெயர் பதிவேட்டில் அப்படியேதான் இருக்கும். பதிவு மூப்பும் பதிவு செய்த நாளிலிருந்தே கணக்காகும். உங்களுக்கு வேண்டியது பாக்கிச் சந்தாவும் சி.ஓ.பி. எனும் தொழில் சான்றும்தான்.

தொழிலை நிறுத்துவதாக எழுதிக் கொடுத்து, ஒரிஜினல் பதிவுச் சான்றிதழையும் ஒப்படைத்தவர் என்றால் 5ஆம் விதி நேராக உங்களுக்குத்தான். மீண்டும் தொழில் தொடங்க அனுமதி கேட்டு செயலாளருக்கு மனு, அதனுடன் ஒரு அஃபிடவிட். அந்த அஃபிடவிட்டில் விதி கேட்பது, இடைப்பட்ட காலத்தில் 24-ஏ பிரிவின்படி தகுதியிழப்பு ஏதும் ஏற்பட்டதா என்பதை மட்டுமே. ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை, தீண்டாமைக் குற்றத்தில் தண்டனை, அப்படிப்பட்ட குற்றச்சாட்டில் அரசுப் பணியிலிருந்து நீக்கம் ஆகியவைதான் அதில் வரும். விவாகரத்து வழக்கும் ஜீவனாம்ச வழக்கும் அதில் வராது. குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு இருப்பதைச் சொல்லிப் பெண்களைத் தயங்க வைப்பவர்களுக்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. என்ரோல்மென்ட் கமிட்டி உத்தரவு போட்டதும், சான்றிதழ் மேலெழுத்தோடு திரும்பி வரும்.

சிக்கலான வகை மூன்றாவது. தனியார் பள்ளியிலோ வங்கியிலோ கம்பெனியிலோ முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்துவிட்டு, பார் கவுன்சிலுக்குத் தெரிவிக்காமல் விட்டவர்கள். 49ஆம் விதி தெளிவானது: முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் தெரிவிக்க வேண்டும், அந்தக் காலம் முழுதும் தொழில் செய்யக் கூடாது. "சொல்லாமல் விட்டுடுங்க, யார் பாக்கப் போறாங்க" என்று ஆலோசனை சொல்பவர்கள் நிறைய. கேட்காதீர்கள். பி.எப். கணக்கும் வருமான வரித் தாளும் உங்கள் வேலைக் காலத்தை மாதவாரியாகக் காட்டும். தாமதமாகத் தெரிவித்ததற்கு விளக்கம் எழுதலாம், அதற்குக் காது கொடுப்பார்கள். பொய் அஃபிடவிட் 35ஆம் பிரிவு நடவடிக்கை வரை போகும், அங்கே பதிவே பறிபோகலாம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, ரிலீவிங் ஆர்டர் மூன்றையும் வைத்து நேராக எழுதிக் கொடுங்கள்.

எல்லா வேலையும் இதில் வராது. நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்படாமல் சட்டக் கல்லூரியில் பாடம் எடுத்தது, சட்டத் தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுத்தது, பத்திரிகைக்கு எழுதியது, வினாத்தாள் தயாரித்தது எல்லாம் அனுமதிக்கப்பட்டவை. இதையெல்லாம் "வேலை" என்று தானாகவே எழுதிக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் நேர்மையான பெண்கள் உண்டு. எழுதும் முன் 51ஆம் விதியைப் படியுங்கள்.

பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி 26-ஏ பிரிவில் கடிதம் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் புதுப் பதிவு. நிறுத்தி வைப்பதும் நீக்குவதும் வேறு வேறு. நாளை உங்கள் மகளோ ஜூனியரோ இடைவெளி எடுக்கும்போது, கடிதத்தில் "நீக்கவும்" என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பதிய வேண்டி வந்தால், 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கட்டும்: சட்டத்தில் உள்ள 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், முத்திரைத் தீர்வை இருந்தால் அது. அதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது. 45 வயதைத் தாண்டினால் பதிய முடியாது என்ற பழைய விதியை உச்ச நீதிமன்றம் 1995லேயே ரத்து செய்துவிட்டது. அதை இன்னும் சொல்லித் திருப்பி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

அகில இந்திய பார் தேர்வு

2009-10 கல்வியாண்டுக்கு முன் சட்டப் படிப்பை முடித்தவருக்கு இந்தத் தேர்வு பொருந்தாது. 2004இல் படிப்பை முடித்தவரிடம் "ஏ.ஐ.பி.இ. எழுதிட்டு வாங்க" என்று சொன்னால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். அதற்குப் பிறகு முடித்தவர்கள், தற்காலிகப் பதிவு பெற்று இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். கல்யாணமும் பிரசவமும் அந்த இரண்டு ஆண்டுக்குள் வந்தவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். அவர்கள் இப்போது தேர்வை எழுதித் தேர்ச்சி பெற வேண்டும். அதுவரை வக்காலத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

2023 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இந்தத் தேர்வு செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தோடு தொடர்பில்லாத வேலையில் நீண்ட காலம் இருந்துவிட்டு வருபவர்கள் மீண்டும் தேர்வெழுதுவது பற்றியும் அதில் பேசப்பட்டது. அது வேறு வேலைக்குப் போனவர்களைப் பற்றியது. வீட்டைப் பார்த்துக்கொண்டவரிடம் அதைக் காட்டினால், வாய்மொழியை ஏற்காமல் எழுத்தில் உத்தரவு கேட்பது உங்கள் உரிமை.

சி.ஓ.பி.: அதிகம் அலைய வைக்கும் காகிதம்

2015 விதிகளின்படி தொழில் சான்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. இதற்குப் பள்ளிச் சான்றிலிருந்து சட்டப் பட்டம் வரை எல்லாம் கேட்பார்கள், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிச் சரிபார்ப்பார்கள். இந்தச் சரிபார்ப்புக்குப் பல்கலைக்கழகம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கே பெண்களைத் தடுப்பது பெயர். பதிவுச் சான்றில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், பட்டத்தில் ஓர் எழுத்து வேறு. இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் மனு மாதக்கணக்கில் மேசையில் கிடக்கும், ஏன் என்றும் சொல்ல மாட்டார்கள். எளிய வழி, பதிவேட்டில் உள்ள பழைய பெயரிலேயே தொழிலைத் தொடர்வது, ஆதாரை அதற்கேற்ப மாற்றுவது. கல்யாணத்துக்குப் பின் இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பதிவேட்டிலேயே பெயரை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தால், முதலில் அரசிதழ், பிறகுதான் பார் கவுன்சில் மனு. கடலூர்க்காரர் தமிழ்நாடு அரசிதழிலும், புதுச்சேரிக்காரர் புதுச்சேரி அரசிதழிலும் வெளியிட வேண்டும். எங்கே குடியிருப்பதாக முகவரிச் சான்று இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடலூரில் பிறந்து புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவர்கள் இதைக் கவனிக்காமல் இரண்டு முறை பணம் கட்டுகிறார்கள்.

அடுத்தது தொழில் செய்ததற்கான ஆதாரம். ஆண்டுவாரியாக வக்காலத்து நகலோ, பெயர் வந்த வழக்குப் பட்டியலோ கேட்பார்கள். இடைவெளி எடுத்தவரிடம் அது இருக்காது. இல்லாத ஆண்டுக்கு யாரோ ஒருவருடைய வக்காலத்தில் பெயரைச் செருகித் தருவதாக முன்வருபவர்கள் உண்டு. அதில் விழ வேண்டாம். "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை தொழில் செய்யவில்லை, வேறு சம்பள வேலையிலும் இல்லை" என்று நேராக அஃபிடவிட் போடுங்கள். இப்போதுதான் இடைவெளி எடுக்கப் போகிறீர்கள் என்றால், நம்பிக்கையான சக வழக்கறிஞரோடு சேர்ந்து ஆண்டுக்கு ஓரிரு வழக்கிலாவது கூட்டு வக்காலத்துப் போட்டு, உண்மையாகவே அந்த வழக்கைக் கவனித்து, நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் "தொழில் செய்யாதோர்" பட்டியலுக்குப் போனால் பார் கவுன்சில் ஓட்டும் நலநிதிப் பயன்களும் கைவிட்டுப் போகும்.

சந்தா பாக்கி சிறிய தொகைதான். 40ஆம் விதிப்படி மூன்றாண்டுக்கு 300 ரூபாய், அல்லது மொத்தமாக ஒரே தடவையில் கட்டிவிடலாம். ஆனால் நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பியிருந்தால், தொழில் உரிமை நிறுத்தப்பட்டிருப்பதே உங்களுக்குத் தெரியாது. அதனால் போனதும் முதல் வேலையாக முகவரி மாற்றமும் சந்தா நிலவரமும். எந்தக் காகிதம் கொடுத்தாலும் இரண்டு செட். ஒன்றில் சீலும் தபால் எண்ணும் வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க்குத் தகவல் உரிமை மனு, 30 நாள். மனு எந்த மேசையில் இருக்கிறது, எந்தத் தேதியில் கமிட்டி முன் வைக்கப்பட்டது என்று இரண்டே கேள்வி போதும். போன் பண்ணி விசாரிப்பதைவிட இது வேகம்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கோ, காரைக்காலுக்கோ, மாஹேக்கோ போனால் பதிவு மாற்றம் தேவையில்லை, எல்லாம் ஒரே பார் கவுன்சில். கேரளாவிலோ கர்நாடகத்திலோ பதிந்தவர் 30ஆம் பிரிவின்படி இங்கும் ஆஜராகலாம். உள்ளூர் நலநிதி வேண்டுமென்றால் 18ஆம் பிரிவில் மாற்றம் கேட்கலாம், அந்த மாற்றத்துக்குக் கட்டணம் கிடையாது.

திரும்பிய பிறகு வருமானம்

புதுச்சேரி தொடர்பான ஒரு வழக்கில்தான் 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்கு உதவித்தொகை பற்றிச் சொன்னது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய். பார் கவுன்சிலும் சுற்றறிக்கை விட்டது. கடலூரும் புதுச்சேரியும் 15,000 வரிசையில் வரும். ஆனால் திரும்பி வரும் பெண்ணை "நீங்க ஜூனியர் இல்லம்மா, கூட இருங்க, கேஸ் வந்தா பாத்துக்கலாம்" என்று உட்கார வைப்பார்கள். காலை முதல் மாலை வரை வாய்தா வாங்குவது நீங்கள், தொகை மட்டும் இல்லை. சேரும் நாளிலேயே வேலை நேரமும் தொகையும் வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுத்தில் இருக்கட்டும்.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பேனல் நல்ல வழி, மூன்று ஆண்டு அனுபவம் கேட்கும். குற்ற வழக்குகளுக்கான சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் பதவிகளில் பொறி இருக்கிறது. உதவியாளர் பதவிக்கு 0 முதல் 3 ஆண்டு, துணைக்கு 7 ஆண்டும் 20 செஷன்ஸ் விசாரணையும், தலைமைக்கு 10 ஆண்டும் 30 விசாரணையும். பதிவு செய்து 12 ஆண்டு, நடத்திய விசாரணை ஆறு என்று இருப்பவருக்கு எதிலும் இடமில்லை. விண்ணப்பித்து ஏமாறுவதைவிட பேனலில் சேர்ந்து விசாரணை எண்ணிக்கையைச் சேருங்கள். நோட்டரிக்குப் பெண்களுக்கு 7 ஆண்டு தொழில் போதும், பொதுவாக 10. மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வு மட்டும் கடுமையானது: விண்ணப்பிக்கும் நாளில் ஏழு ஆண்டு தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இடைவெளிக்கு முன்னால் உள்ள ஆண்டுகளைக் கூட்டிக் காட்டி விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்காதீர்கள்.

முதல் வக்காலத்துக்கு முன்

பழைய வழக்குகளைத் தேடுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 3, விதி 4இன்படி, நீதிமன்ற அனுமதியோடு விலகாத வக்காலத்து உயிரோடுதான் இருக்கும். நீங்கள் பத்து வருடம் முன்பு பண்ருட்டியிலோ சிதம்பரத்திலோ போட்டுவிட்டு வந்த வழக்கு ஆஜரின்மையால் தள்ளுபடி ஆகியிருந்தால், கட்சிக்காரர் புகார் கொடுப்பது உங்கள் மேல்தான். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயராலும் எம்.எஸ். பதிவு எண்ணாலும் தேடிப் பார்த்து, விலக வேண்டியதற்கு மனு போடுங்கள்.

இ-பைலிங் கணக்கு உங்கள் பதிவு எண்ணோடும் மொபைலோடும் இணைந்தது. பழைய சிம் போயிருந்தால் ஓ.டி.பி. வராது. கெடு நாளில் இது தெரிந்தால் காலவரம்பு போய்விடும், அதனால் முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்குப் புதிய சட்டங்கள், அதற்கு முன் நடந்ததற்கு இந்திய தண்டனைச் சட்டமே. பிரிவு எண்களில் கை பழக்கமே எதிரி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்பு 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் அது 528. முன்ஜாமீன் 438இலிருந்து 482க்கு வந்துவிட்டது. ஜீவனாம்சம் 125 இப்போது 144. கோர்ட் கட்டணத்துக்குக் கடலூரில் தமிழ்நாட்டின் 1955 சட்டம், புதுச்சேரியில் அதன் சொந்தச் சட்டம். கடலூர்க் கணக்கில் ஸ்டாம்ப் ஒட்டிய பிராது புதுச்சேரியில் திரும்பி வந்துவிடும்.