வரலாற்றுப் புத்தகம்: பள்ளிக்கூடம் தருவது, நூலகத்தில் கேட்டு வாங்குவது

போன வருஷம் பள்ளி திறந்து இரண்டு வாரம் இருக்கும். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். கூடவே ஏழாம் வகுப்பு படிக்கும் மகள். "சார், சோசியல் புக்கு எங்க விலைக்குக் கிடைக்கும்? பள்ளிக்கூடத்துல தீந்துபோச்சுன்னுட்டாங்க" என்றார். நான் அங்கே வேலை பார்ப்பவன் இல்லை. வாசகர் வட்டத்தில் இருப்பவன், அவ்வளவுதான். ஆனாலும் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் என்னிடம்தான் வந்து சேரும்.

பக்கத்து மேசையில் ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அவன் புத்தகத்தை வாங்கி முன்பக்கத்தை அந்த அம்மாவிடம் காட்டினேன். விலையில்லாப் பாடநூல் வழங்கும் திட்டத்தின்கீழ் வெளியிடப்பட்டது என்று அதில் அச்சடித்திருக்கும். விற்பனைக்கு அன்று என்றும் போட்டிருக்கும். "பாப்பா கவர்மென்ட் ஸ்கூல்தானே? அப்போ இது அவளுக்குச் சேர வேண்டியதும்மா. காசு குடுத்து வாங்காதீங்க, திரும்பப் போய்க் கேளுங்க" என்றேன். தயங்கித் தயங்கித்தான் போனார். பத்து நாளில் புத்தகம் வந்துவிட்டது. பக்கத்துப் பள்ளியில் மிச்சம் இருந்ததை வாங்கிக் கொடுத்தார்களாம்.

விதி சிக்கலானது அல்ல. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடநூல் விலையில்லாமல் கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ் வழி, ஆங்கில வழி என்ற வேறுபாடு இல்லை. சாதிச் சான்றோ வருமானச் சான்றோ வேண்டியதில்லை. பள்ளி வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும். ஏழாம் வகுப்பு வரை பருவத்துக்கு ஒரு தொகுதி என்று மூன்று முறை வரும். ஆகவே ஜூனில் வாங்கியதோடு வேலை முடியவில்லை. காலாண்டு, அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போதும் கவனிக்க வேண்டும். உதவி பெறும் பள்ளிகளில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே வளாகத்துக்குள் சுயநிதிப் பிரிவு தனியாக நடக்கும் இடங்கள் இருக்கின்றன. பிள்ளை எந்தப் பிரிவில் சேர்கிறது, புத்தகம் இலவசமா என்பதைச் சேர்க்கை அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

புத்தகம் கொடுத்தால் அது எமிஸ் என்னும் கணினிப் பதிவில் ஏற வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன், தான் கொடுத்தது, அக்கன் குந்தவை கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்னான். ஆயிரம் வருஷத்துக்கு அப்புறமும் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நாம் படிக்கிறோம். எமிஸ் அத்தனை காலம் நிற்குமோ என்னவோ, இந்த வருஷத்துக் கணக்குக்கு அதுதான் கல்வெட்டு. "புக்கு ஸ்டாக் இல்லை" என்று சொன்னால், "எமிஸ்ல என் பொண்ணுக்குக் குடுத்ததா ஏத்தியிருக்கீங்களா டீச்சர்?" என்று மரியாதையாகவே கேட்கலாம். திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு வருஷ நடுவில் ஊர் திரும்பும் குடும்பங்கள் இங்கே நிறைய. அந்தப் பிள்ளைகளின் எமிஸ் எண்ணும் கூடவே வரும். பழைய பள்ளியில் வாங்கிய புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு வராமல் மூட்டையில் கட்டிக்கொண்டு வாருங்கள்.

சரி, தனியார் மெட்ரிக் பள்ளி? சமச்சீர் கல்வி 2011-ல் பத்தாம் வகுப்பு வரை எல்லா வகுப்புக்கும் வந்ததிலிருந்து அங்கேயும் இதே பாடநூல்தான், ஆனால் விலைக்கு. வாங்க முடியாவிட்டால் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் இணையதளத்தில் முழுப் புத்தகமும் பிடிஎஃப்பாக இருக்கிறது. செல்போனில் இறக்கிக்கொள்ளக் காசு கிடையாது. காரைக்கால் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தப் பத்திகள் பொருந்தா. ஆற்றுத் தண்ணீர் ஒன்றுதான், ஆனால் அது புதுச்சேரி ஆட்சி. அங்கே அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டதால் வரலாற்றுப் புத்தகமும் வேறு.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது: மழை. இரண்டாம் பருவப் புத்தகம் கைக்கு வருவது அக்டோபரில். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதும் அப்போதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, கூரை போன வீடுகளில் அரிசிக்கு அடுத்தபடி நனைந்து நாசமானது புத்தகப் பைதான். ஒரு வீட்டில் புத்தகத்தை விரித்துக் கயிற்றில் துணி மாதிரிக் காயப் போட்டிருந்தார்கள். காய்ந்த பிறகு பக்கங்கள் அப்பளக் கட்டு போல ஒட்டிக்கொண்டு, பிரித்தால் எழுத்தோடு உரிந்து வந்தன. அந்தப் புயலில் புத்தகம் இழந்த பிள்ளைகளுக்கு அரசு புதிதாகக் கொடுத்தது. அதனால் மழையில் போனால் போனதுதான் என்று விட்டுவிடாதீர்கள். எந்தெந்தப் பாடம், எந்த வகுப்பு என்று ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். நனைந்த புத்தகத்தைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இதுவரை சொன்னது பாடநூல். வரலாறு அதற்குள் அடங்குமா? ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் பிற்காலச் சோழர் வருகிறார்கள், சில பக்கங்களில் முடிந்தும் விடுகிறார்கள். கல்லணைக்கு அருகே குடியிருக்கும் பிள்ளை, தாராசுரத்துக்கு நடந்தே பள்ளிக்குப் போகும் பிள்ளை, அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் என்ன செய்வது? இங்கேதான் பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாத இரண்டாவது உரிமை வருகிறது.

2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு வரி இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும். அதில் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள் இருக்க வேண்டும். வகுப்பறை, கழிவறை, குடிநீர் என்று சொல்லிக்கொண்டே போகும் அதே அட்டவணையில்தான் இதுவும் வருகிறது. அதாவது நூலகமும் கழிவறை போலவே இருந்தே ஆக வேண்டியது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி நூலகத்துக்கென்று ஆண்டுக்கு 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை, பள்ளியின் நிலையைப் பொறுத்து ஒதுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் அந்த நிதியில் இழுபறி இருப்பதால், எந்த வருஷம் பணம் வந்தது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில்தான் கேட்க வேண்டும். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கையெழுத்து போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருவதற்கான கூட்டம் அல்ல.

நான் படித்த பள்ளியிலும் நூலகம் இருந்தது. ஒரு இரும்பு பீரோ. சாவி ஓர் ஆசிரியரிடம். பிள்ளைகள் அழுக்குப் பண்ணிவிடுவார்கள் என்று ஐந்து வருஷமும் அது திறக்கவேயில்லை. அந்தப் பழக்கம் இன்னும் பல இடங்களில் போகவில்லை. அதனால் "நூலகம் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "வாரத்தில் எந்தப் பீரியடில் புத்தகம் கொடுக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். 2022 முதல் பள்ளிக் கல்வித் துறையே 4, 5 வகுப்புகளுக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9 வரை 'தேன்சிட்டு' என்று இதழ்கள் போடுகிறது. அவை வகுப்புக்கு வருகின்றனவா, கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றனவா என்பதும் விசாரிக்க வேண்டியதுதான்.

மூன்றாவது இடம் பொது நூலகம். இதைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல ஆசை, ஏனென்றால் இது நம் மண்ணில் முளைத்த சங்கதி. இந்திய நூலக இயலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-ல் பிறந்தது சீர்காழியில். 1931-ல் மன்னார்குடியில் ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிச் சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். வைக்கோல் ஏற்றும் வண்டியில் புத்தகம் வந்து இறங்கியது என்றால் பிள்ளைகள் எப்படி ஓடி வந்திருப்பார்கள்! ரங்கநாதனின் முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு இந்தியாவில் வந்த முதல் மாநில நூலகச் சட்டம் அது.

அந்தச் சட்டத்தின்படி நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். ரூபாய்க்குப் பத்து பைசா. வீட்டு வரி 330 ரூபாய் என்றால் 33 ரூபாய் நூலகத்துக்குப் போகிறது. மாவட்ட நூலக ஆணைக்குழுவின் வருமானத்தில் முக்கியமானதே அதுதான். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று எல்லாம் அதன் கீழே வரும். உள்ளே உட்கார்ந்து படிக்க யாரும் எதுவும் கட்ட வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் உறுப்பினர் அட்டை. அதற்கு ஒரு சிறிய காப்புத்தொகையும் சந்தாவும் உண்டு. காப்புத்தொகையை விலகும்போது திருப்பி வாங்கிக்கொள்ளலாம். முகவரிச் சான்றோடு போங்கள். குறிப்பிட்ட புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் சொல்லி எழுதி வையுங்கள். கொள்முதலுக்குப் பட்டியல் கேட்கும்போது, "வாசகர் கேட்டது" என்று ஒரு தாள் இருந்தால் நூலகருக்கும் வசதி.

ஒரு குழப்பத்தை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன். பல ஊராட்சிகளில் பூட்டிக் கிடக்கிறதே ஒரு நூலகக் கட்டடம், அது பெரும்பாலும் இந்தத் துறையுடையதல்ல. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊரக வளர்ச்சித் துறை கட்டியது. நூலகத் துறையிடம் மனு கொடுத்தால் "எங்களுடையது இல்லை" என்பார்கள், அது உண்மையும்கூட. அதைத் திறக்கச் சொல்லும் இடம் கிராம சபை. எங்கள் பக்கத்து ஊரில் ஒரு மே தினக் கிராம சபையில் இரண்டு பெண்கள் எழுந்து கேட்டார்கள். உள்ளே உர மூட்டை அடுக்கியிருந்தது. ஆடி மாதத்துக்குள் மூட்டையை எடுத்துவிட்டார்கள். புத்தகம் வந்து சேர இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.

வீட்டில் இணைய வசதி இருந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் முழுக்க இலவசம். பத்துத் தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் அங்கே இருக்கிறது. படத்தோடு, பிள்ளைகளுக்கென்றே பெரியசாமித் தூரன் பதிப்பித்தது. சற்றுப் பழையதுதான், அதனால் மாவட்டங்களின் எண்ணிக்கை போன்றவற்றை அதில் பார்த்து எழுத வேண்டாம். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களும் உண்டு. சோழர் வரலாறு எழுதிய தி.வை. சதாசிவ பண்டாரத்தார் திருப்புறம்பியத்துக்காரர், கும்பகோணம் பாணாதுரைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் அவரைத் தயங்காமல் எடுக்கலாம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆசிரியரோ அப்பாவோ படித்துச் சொன்னால்தான் இறங்கும்.

அப்புறம், பார்க்கப் போவதும் படிப்புதான். மத்தியத் தொல்லியல் துறையின் கட்டண இடங்களில் 15 வயது வரை நுழைவுக் கட்டணம் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் தாராசுரத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் யாருக்குமே டிக்கெட் இல்லை.

கேட்டும் கிடைக்கவில்லையென்றால் யாரிடம் போவது? முதலில் தலைமையாசிரியர். தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் அடுத்து வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். 14417 என்பது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். கூப்பிடும்போது பள்ளியின் பெயர், வகுப்பு, எந்தப் பாடம், பிள்ளையின் எமிஸ் எண் நான்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்தான். ஆனால் ஒரு புத்தகத்துக்காக நாற்றுப் பறிக்கும் கூலியை விட்டுவிட்டுத் திருவாரூர் வரை போவது கட்டுப்படியாகாது. முதல் மூன்று படியில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

அந்த ஏழாம் வகுப்புப் பெண் இப்போது உறுப்பினராகிவிட்டாள். வெள்ளிக்கிழமை கிளை நூலகத்துக்கு விடுமுறை என்பது தெரியாமல் இரண்டு முறை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனாளாம். இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும்.