சிம்பல் சத்தம் எங்கே போனது?

போன வருஷம் ஐம்பத்தாறு வயதுக்காரர் ஒருவர் என் காது பரிசோதனை அறைக்கு வந்தார். காதில் ஒன்றும் இல்லை, மனைவி சொன்னதற்காக வந்தேன் என்றுதான் ஆரம்பித்தார். அவருக்குக் குறையெல்லாம் வீட்டு ஆம்ப்ளிஃபயர் மேல்தான். மூன்று தடவை ரிப்பேருக்குக் கொடுத்தாயிற்று, ஸ்பீக்கரில் மேல் ஸ்தாயிக்கான ட்வீட்டரை மாற்றியாயிற்று, ஆனாலும் தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இசைத்தட்டுகளில் டிரம்மர் கீத் மூன் அடிக்கும் உலோகத் தட்டான சிம்பல் முன்பு மாதிரி தெறிக்கவில்லையாம். "புதுசா வர்ற பதிப்புல எல்லாத்தையும் கெடுத்து வெச்சிருக்காங்க மேடம்" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னேன். 250, 500, 1000 ஹெர்ட்ஸ் என்ற கீழ், நடு ஸ்தாயிகளில் மிக மெல்லிய சத்தத்துக்கும் உடனே விளக்கு எரிந்தது. 2000-இலும் பரவாயில்லை. 4000-க்குப் போனதும் நின்றுவிட்டது. நான் 40, 50, 60 டெசிபல் என்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறேன், அவர் பட்டன் மேல் கட்டைவிரலை வைத்தபடி, இன்னும் சத்தமே வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அமைதியாக என்னைப் பார்க்கிறார். 65-இல்தான் விளக்கு எரிந்தது. 8000-இல் மறுபடி கொஞ்சம் தேறியது. கேட்கும் அளவை வரைந்து காட்டும் ஆடியோகிராமில் கோடு 4000 பக்கம் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறினால், பெரும்பாலும் அது பெரிய சத்தத்தால் வந்த சேதம். கல்லூரி நாளில் டிரம்ஸ் வாசித்திருக்கிறார், அப்புறம் இருபது வருஷமாக ராத்திரியில் ஹெட்ஃபோன். அவர் ட்வீட்டரில் ஒரு கோளாறும் இல்லை.

அவரை எனக்கு நன்றாகப் புரிந்தது, ஏனென்றால் நானும் அதே இசையில் வளர்ந்தவள். ஹாஸ்டலில் கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோன கேசட்டில்தான் பீட்டில்ஸையும் தி ஹூவையும் முதலில் கேட்டேன். இன்றைக்கும் தி ஹூவின் ஜான் என்ட்விசிலின் பேஸ் கிட்டார் உருண்டு வரும்போது செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன். அந்த இசையைச் செய்தவர்களில் எத்தனை பேர் காதைப் பறிகொடுத்தார்கள் என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சத்தம் ஏன் அவ்வளவு ஏறியது என்பதற்குக் காரணம் உண்டு. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது கூட்டம் 55,600 பேர். மேடையில் இருந்தவை 100 வாட் வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர்கள், பாடல் குரல் போனது மைதானத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கியில். கூட்டத்தின் அலறலில் தாங்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை. டிரம்மர் ரிங்கோ ஸ்டார் முன்னால் நிற்கும் தன் குழுவினரின் உடலசைவைப் பார்த்துத்தான் தாளம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணித்திருக்கிறார். அடுத்த ஆண்டு ஆகஸ்டோடு அவர்கள் டிக்கெட் கச்சேரிகளை நிறுத்திவிட்டு ஸ்டுடியோவுக்குள் போனார்கள். மற்றவர்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். லண்டன் ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம் தி ஹூவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்டார், 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டன. 1976-இல் லண்டன் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் தி ஹூவின் சத்தம் 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் என்று பதிவாகி கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. மக்களின் காதுக்குக் கேடு என்று அந்தப் பிரிவையே பின்னால் கின்னஸ் கைவிட்டது.

126 என்றால் எவ்வளவு? வேலையிடங்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கில் 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். அதே கணக்கை 126 வரை நீட்டினால் இரண்டு வினாடி சொச்சம் வருகிறது, அன்றைய ரசிகர்கள் மணிக்கணக்கில் நின்றார்கள்.

உள்காதில் நத்தைக்கூடு போன்ற சுருளுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. தோல் உரிந்தால் திரும்ப வளரும், இவை மனிதர்களுக்குத் திரும்ப வளர்வதில்லை. பெரிய சத்தம் முதலில் அடிப்பது பெரும்பாலும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்கிற செல்களைத்தான். சிம்பலின் பளபளப்பு, சலங்கை கோத்த டாம்பொரினின் சலசலப்பு, பேச்சில் ச, ஸ, ஃப போன்ற ஒலிகள் எல்லாம் தெளிவாகக் கேட்க அந்தச் செல்கள் வேண்டும். அதனால்தான் "கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியலை" என்று வருகிறார்கள்.

டவுன்ஷெண்டுக்குக் கேள்விக்குறைவும் காதிரைச்சலும் வந்தன. 1967-இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கீத் மூன் டிரம்முக்குள் வைத்த வெடி டவுன்ஷெண்டுக்குப் பக்கத்திலேயே வெடித்ததை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அவர் பெரிதும் குறை சொன்னது ஸ்டுடியோவில் மாட்டிய ஹெட்ஃபோனை. பஸ்ஸில் இயர்போனை முழு வால்யூமில் வைத்துக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். ராக் பாடகர் நீல் யங் 1991 சுற்றுப்பயணத்தின் பேரிரைச்சலுக்குப் பின் காதிரைச்சலோடு உட்கார்ந்து, அடுத்த ஆண்டு மெல்லிய இசைத்தட்டு ஒன்றைச் செய்தார். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 2018-இல் தனக்குக் காது மந்தமாகி வருவதாகச் சொன்னார். ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன், முழுச் செவிடாகும் அபாயம் இருப்பதாக மருத்துவர்கள் எச்சரித்ததால் 2016-இல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார்.

டிரம்மரும் பாடகருமான ஃபில் காலின்ஸின் கதை வேறு. 2000-இல் அவருக்கு ஒரு காது திடீரென்று போனது. இப்படி ஒரே நாளில் ஒரு காது அடைத்துக்கொண்டால் அழுக்கு என்று நினைத்து எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களிலேயே தொடங்கினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு மாதம் கழித்து வருபவர்களிடம் நான் சொல்வதற்கு அதிகம் இருப்பதில்லை.

கச்சேரிக்குப் போகாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, நானும் போகிறேன். பஞ்சு வைத்தால் போதாது. நுரை இயர்பிளக் காப்பாற்றும், ஆனால் மேல் ஸ்தாயியை அதிகமாக வெட்டிவிடுவதால் இசை போர்வைக்குள் இருந்து வருவது போல் இருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று ஃபில்டர் வைத்த இயர்பிளக் இருக்கிறது, எல்லா ஸ்தாயியையும் சீராக 15 டெசிபல் அளவுக்குக் குறைக்கும். அந்த 15 குறைந்தாலே 100 டெசிபல் கச்சேரி 85-க்கு வந்துவிடுகிறது. வெளியே வந்தபின் காதில் கொய்ங் என்று கேட்டால், அடுத்த நாள் சரியாகிவிட்டாலும் அது சேதத்தின் அறிகுறி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த ஆம்ப்ளிஃபயர்காரர். காது மெஷின் மாட்டினோம். பேச்சு தெளிவானது, இசை மட்டும் கெட்டுப்போனது. ஆர்கன் நீட்டி ஒலித்தால் மெஷின் அதைத் தானே எழுப்பும் விசில் என்று நினைத்து அமுக்கியது. அடுத்த தடவை இசைக்கென்று தனி புரோகிராம் போட்டு, விசில் தடுப்பையும் இரைச்சல் குறைப்பையும் தணித்தேன். சோதித்துப் பார்க்க பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 1966 இசைத்தட்டான பெட் சவுண்ட்ஸைத் தேர்ந்தெடுத்தேன். அதை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு வலது காது சின்ன வயதிலிருந்தே ஏறக்குறைய கேட்காமல்தான் இருந்தது, அந்தத் தட்டும் இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோவில்தான் வெளிவந்தது, ஒற்றைக் காதோடு அத்தனை வாத்தியங்களையும் அவர் அடுக்கியிருக்கும் விதம் எனக்கு இன்றும் வியப்பு. அதில் ஒரு பாட்டில் சைக்கிள் மணி ஒன்று வரும். அந்த இடம் வந்ததும் ஆம்ப்ளிஃபயர்காரர் கண்ணைத் திறக்காமலே, பட்டன் அழுத்துவது போலக் கட்டைவிரலை மடக்கினார்.