படகுப் பயணம் முடிந்து டிரிப் போடச் சொல்லுமுன்

பாலித் தீவின் சனூரிலிருந்து பக்கத்துத் தீவான நுசா பெனிடாவுக்கு விரைவுப் படகில் போய்வந்த மறுநாள், விடுதி அறைக்கே நர்ஸை வரவழைத்து டிரிப் (ரத்தக்குழாய் வழியே ஏற்றும் திரவம்) போட்டுக்கொள்வது அங்கே சகஜமாகிவிட்டது. கூப்பிடுகிற பலருக்கு அது தேவைப்படுவதில்லை.

படுத்தாலும் கட்டில் ஆடுவதுபோல் இருந்தால் அது உள்காதின் வேலை. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே அடங்கும். சலைன் ஏற்றிக் குறைக்க முடியாது. வாந்தி நின்று, குடித்த தண்ணீர் வயிற்றில் தங்கினால் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) போதும். ஒரேயடியாகக் குடித்தால் மறுபடி வாந்தி வரும். சில நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு ஸ்பூன் போதும். இங்கே ஒரு குழப்பம் நேர்கிறது. நம்மூர் பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, பாலி மருந்துக் கடையில் ஒராலிட் என்ற பெயரில் கிடைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட் 200 மி.லி.க்கு. பெரியதை ஒரே டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி வயிற்றுப்போக்கும் தாகமும் கூடும்.

எதைக் குடித்தாலும் வெளியே வருகிறது, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் டிரிப் நியாயம்தான். ஊசி குத்துமுன் ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல் பார்க்க வேண்டும். இதயம், சிறுநீரகம், கர்ப்பம், ஒவ்வாமை பற்றிக் கேட்க வேண்டும். கேட்காதவரைத் திருப்பி அனுப்புங்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு அறையில் வைத்து ஏற்றவே கூடாது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

வழக்கமாக 500 மி.லி. ரிங்கர் லாக்டேட் (பல உப்புகள் கலந்த திரவம்) அல்லது 0.9% சலைன் ஏற்றுவார்கள். ரத்தக்குழாயில் செருகும் குழாய் ரோஸ் நிற 20ஆம் எண் கேனுலா, சன்னமான ரத்தக்குழாய்க்கு நீல நிற 22. ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் டிரிப் குழாயில் இரண்டு மணி நேரத்தில் முடிக்க நிமிடத்துக்குச் சுமார் 83 சொட்டு. பையின் காலாவதித் தேதியை நீங்களே பாருங்கள். ஊசி உறையை உங்கள் எதிரில் பிரிக்க வேண்டும். குத்திய இடம் வீங்கினால் திரவம் வெளியே கசிகிறது. உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

டிரிப்பில் கலக்கும் மருந்து 'காக்டெய்ல்' மீதுதான் சந்தேகம். வலிக்கு கீட்டோரோலாக் சேர்ப்பார்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், காய்ச்சல் டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவுக்கு வழி. அதிக அளவு வைட்டமின் சி, ஜி6பிடி என்ற நொதி (என்சைம்) பிறவியிலேயே குறைவாக உள்ளவரின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒண்டான்செட்ரான் வயிற்றுக் கோளாறு வாந்திக்கு உதவும். படகு ஆட்டத்தால் வரும் குமட்டலுக்கு அவ்வளவாகப் பயன்படாது. அதற்கு அவோமின் போன்ற மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், அன்று ஸ்கூட்டர் வேண்டாம்.

உடம்பு 40 டிகிரி கொதித்துப் பேச்சு குழறினால் அறைக்கு யாரையும் வரவழைக்காதீர்கள். உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். சிலிண்டருடன் முக்குளித்தவருக்கு 24 மணி நேரத்துக்குள் மூட்டுவலியோ மரமரப்போ வந்தால் உடனே ஆக்சிஜனும், காற்றழுத்தம் கூட்டிய அறையில் வைத்துத் தரும் சிகிச்சையும் தேவை. அந்த நிலையில் விமானமும் ஏறக் கூடாது.