பதினாறு வயதுக்கு டீடாக்ஸ் எதற்கு?

பிளஸ் டூ தேர்வு முடிந்து கல்லூரி திறப்பதற்குள் வரும் இரண்டு மூன்று மாதங்களில் என்னைப் பார்க்க வரும் பிள்ளைகள் பலர் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். “காலேஜ் சேர்றதுக்குள்ள பத்து கிலோ குறையணும் மேடம்.” எப்படிக் குறைப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் வெண்பூசணிச் சாறு, மதியம் வரை தண்ணீர், மாலை ஆறு மணிக்கு மேல் எதுவும் கிடையாது. இல்லாவிட்டால் ஏழு நாள் ஜூஸ் டீடாக்ஸ். கூட வந்த அம்மா, “நல்லதுதானே மேடம், உடம்பு சுத்தமாகும்ல?” என்பார்.

உணவியல் நிபுணராக என் பதில் எப்போதும் ஒன்றுதான். வளர்ந்து முடியாத உடம்புக்கு இது வேண்டாம். பிள்ளை குண்டாக இருந்தாலும் சரி, ஒல்லியாக இருந்தாலும் சரி. ஆனால் ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் எந்தப் பிள்ளையும் கேட்காது. காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையைப் பாருங்கள். அதிகம் உடலுழைப்பு இல்லாத, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660 கிலோ கலோரி போதும். 13 முதல் 15 வயதுப் பெண் பிள்ளைக்கு 2400. 16 வயதைத் தாண்டிய பையனுக்கு 3320. அதாவது அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அம்மாவைவிட எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அதிகம் சாப்பாடு தேவை. இதைச் சொல்லும்போது பெற்றோர் முகத்தில் ஆச்சரியம் தெரியும். அம்மாவும் மகளும் சேர்ந்து ஒரே டயட் சார்ட்டைப் பின்பற்றும் வீடுகள் இப்போது நிறைய. நாற்பது வயது அம்மாவுக்கு அது ஒருவேளை ஒத்துப்போகலாம். மகளுக்கு அதே தட்டு அரைப்பட்டினி.

உயரம் வேகமாகக் கூடும் அந்த ஓரிரு ஆண்டுகளில் ஒரு பையன் வருடத்துக்கு ஒன்பது பத்து சென்டிமீட்டர்கூட வளர்வான். பெரியவர்களின் எலும்பில் இருக்கும் தாதுச்சத்தில் ஏறத்தாழ கால்பங்கு, வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுக்குள் எலும்பின் உறுதியில் தொண்ணூறு சதவீதம் முடிந்துவிடுகிறது. அப்போது தவறவிட்டதை முப்பது வயதில் கால்சியம் மாத்திரை போட்டு ஈடுகட்ட முடியாது. இரும்புச்சத்துக் கணக்கு இன்னும் மோசம். 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்குத் தினம் 32 மில்லிகிராம் வேண்டும். இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ஏற்கெனவே இரத்தம் குறைந்திருக்கும் பிள்ளையைத்தான் நாம் ஜூஸ் குடிக்கச் சொல்கிறோம்.

சரி, உடம்பைச் சுத்தம் செய்வது என்கிறார்களே, அது என்ன? கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. எந்தச் சாறும் அதை வேகப்படுத்துவதில்லை. முதல் மூன்று நாளில் இரண்டு கிலோ இறங்குகிறதே என்றால், அது பெரும்பாலும் தண்ணீர். உடம்பு கையிருப்பாக வைத்திருக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். பட்டினியில் முதலில் தீர்வது அந்தக் கையிருப்பு. பழையபடி சோறு சாப்பிட்டதும் அந்த எடை திரும்பி வரும். பிள்ளை தன்மேல் பழி போட்டுக்கொண்டு மறுபடி பட்டினி கிடக்கும். நாள் முழுக்கச் சாறாகக் குடித்தாலும் புரதம் பத்து கிராமைத் தொடுவதே அபூர்வம். தேவையோ 45 கிராமுக்கு மேல். பற்றாக்குறையை உடம்பு தசையிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இன்னும் கவலை தருவது ‘ஸ்லிம் டீ’, ‘டீடாக்ஸ் டீ’ என்று வரும் பொட்டலங்கள். பலவற்றில் இருப்பது நிலாவரை. அது பேதி மருந்து. பேதி மருந்து வேலை செய்வது பெருங்குடலில். சாப்பிட்டதன் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டிருக்கும். வெளியே போவது தண்ணீரும் பொட்டாசியமும். பொட்டாசியம் இறங்கினால் தசை சோரும், இதயத் துடிப்பு தடுமாறும். ‘அந்தக் காலத்துல ஆறு மாசத்துக்கு ஒரு தரம் விளக்கெண்ணெய் கொடுப்போமே’ என்று பாட்டிகள் கேட்பார்கள். பூச்சி போகட்டும் என்ற நோக்கத்தில் கொடுத்தது அது. இன்று பள்ளியிலேயே ஆண்டுக்கு இரு முறை அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். அதைத் தவறாமல் போட்டுக்கொண்டால் போதும்.

அடுத்து விரதம். இதைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் விரதத்தையும் டயட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஆரோக்கியமான பிள்ளை பாலும் பழமும் சாப்பிட்டு ஏகாதசியோ சஷ்டியோ ஒரு நாள் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது, நான் தடுப்பதில்லை. நம் மரபுகள் எல்லாமே இதில் நிதானமாகத்தான் இருக்கின்றன. ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று சத்தான சாப்பாடு காத்திருக்கும். ரமலான் நோன்பில் நோயாளிக்கும் பயணத்தில் இருப்பவருக்கும் விலக்கு உண்டு. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி தவக்கால உண்ணாநோன்புக் கடமை 18 வயதில்தான் தொடங்குகிறது. நோன்பு வைக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: விடியுமுன் சாப்பிடும் சஹரைத் தவறவிடாதீர்கள், வெறும் டீயோடு முடிக்காமல் முட்டையோ பருப்போ சேருங்கள், நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு எண்ணெய்ப் பலகாரத்துக்கு முன்னால் நோன்புக் கஞ்சியைக் குடியுங்கள். இன்சுலின் போடும் பிள்ளை என்றால் ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

ஆனால் விரதம் ஒரு போர்வையாகவும் மாறும். பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தியை முடி கொட்டுகிறது என்று அழைத்து வந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை. உட்கார்ந்ததும் ஃபேனைக் குறைக்கச் சொன்னாள். திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு, பிரதோஷமும் கிருத்திகையும் தனி என்று அம்மா அடுக்கினார். “எங்க வீட்ல யாருக்குமே இவ்வளவு பக்தி கிடையாது மேடம்.” அவர் குரலில் பெருமை இருந்தது. நான் அந்தப் பெண்ணிடம், “விரதம் விட்டு மறுநாள் காலையில என்ன சாப்பிடுவே கண்ணு?” என்றேன். அவள் பேசவில்லை. அம்மாதான் யோசித்துச் சொன்னார்: “ரெண்டு இட்லி வெச்சா ஒண்ணைப் பிச்சுப் பிச்சு தட்டு ஓரமா ஒதுக்கிடுவா.” கையைப் பிடித்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. நாடி நிமிடத்துக்கு 46. பகலில் 50க்குக் கீழே போனாலே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை என்பதுதான் பதின்வயதினர் மருத்துவத்தில் உள்ள அளவுகோல். அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் அனுப்பி உள்நோயாளியாகச் சேர்த்தோம்.

பெற்றோர் எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான்: விரதம் முடிந்த மறுநாள் பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறது? சாமிக்காக இருந்த பிள்ளை மறுநாள் பசியோடு உட்காரும். உணவைக் கண்டு பயந்த பிள்ளை அடுத்த விரதத்தைத் தேடும்.

அந்தப் பெண்ணுக்கு ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. வீட்டில் அதற்கு வைத்திருந்த பெயர் ‘நீர்க்கட்டி’. இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். போதிய ஆற்றல் வராதபோது மூளை, சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் கட்டளைகளை நிறுத்திவைக்கிறது. மாதவிலக்கு நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பும் தேயத் தொடங்குகிறது. பதின்வயதுப் பெண்களின் சினைப்பையில் சிறு சிறு நுண்பைகள் ஸ்கேனில் தெரிவது சகஜம். அதை மட்டும் பார்த்துவிட்டு நீர்க்கட்டி என்று முடிவு கட்டி, எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டால், பட்டினியால் வந்த சிக்கலுக்குப் பட்டினியே மருந்தாகிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போனால், கடந்த ஆறு மாதத்தில் எடை எவ்வளவு குறைந்தது, சாப்பாடு எப்படி மாறியது என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

மனதுக்கு நடப்பதும் இதே அளவு முக்கியம். 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் நடத்திய ஆய்வில், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் தினம் சுமார் 1570 கிலோ கலோரி கொடுத்தார்கள். அவர்கள் எரிச்சலும் சோர்வும் கொண்டவர்களானார்கள், எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள், சிலர் சமையல் குறிப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். நம் பிள்ளைகள் பின்பற்றும் ஜூஸ் திட்டங்களில் அதில் பாதிகூடத் தேறாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பதின்வயதினரைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான ஆய்வில், கடுமையாக டயட் இருந்த பெண் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்குள் உண்ணுதல் கோளாறு தொடங்கும் வாய்ப்பு, டயட் இல்லாதவர்களைப்போல 18 மடங்கு இருந்தது. பையன்களும் விலக்கில்லை. ஜிம்மில் ‘கட்டிங்’ என்ற பெயரில் சோற்றை அறவே விடும் பையன்கள் இப்போது வருகிறார்கள்.

விதிவிலக்கு உண்டா என்றால், உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புக்கு, மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோஜெனிக் உணவு கொடுக்கிறோம், நரம்பியல் மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து, இரத்தப் பரிசோதனையோடு. அதிக உடல் பருமனும் அதனால் வந்த நோய்களும் உள்ள 141 பதின்வயதினரிடம் ஆஸ்திரேலியாவில் இடைவிட்ட உண்ணாமுறையை, அதாவது வாரத்தில் சில நாள் மட்டும் மிகக் குறைவாகச் சாப்பிடும் முறையைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டு முழுக்க மருத்துவக் குழு கூடவே இருந்தது. அப்படியும் வழக்கமான உணவுக் கட்டுப்பாட்டைவிட அது கூடுதல் பலன் தரவில்லை. யூடியூப் பார்த்துத் தனியாக அறைக்குள் செய்வதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எடை உண்மையிலேயே கூடுதலாக இருக்கும் பிள்ளைக்கு என்ன செய்வது? முதலில் வீட்டில் யாரும் அதன் உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது. கல்யாண வீட்டில் “என்னடி இப்படி ஊதிட்டே” என்று சொல்லும் அத்தையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016இல் கொடுத்த அறிவுரையும் இதுதான்: டயட் வேண்டாம், எடைப் பேச்சு வேண்டாம், குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிடுங்கள். வளரும் பிள்ளைக்குப் பல நேரம் எடை அப்படியே நின்றாலே போதும், உயரம் கூடக் கூடச் சரியாகிவிடும். காலையில் இட்லி சாம்பாரோ முட்டை தோசையோ சாப்பிடாமல் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். காலையைத் தவிர்த்த பிள்ளைதான் மாலை டியூஷனுக்கு முன்னால் பப்ஸும் குளிர்பானமும் வாங்குகிறது. எட்டு மணி நேரமாவது தூங்க விடுங்கள். விளையாட்டுப் பீரியடில் கணக்கு நடத்தினால் பள்ளியில் போய்க் கேளுங்கள். கொள்ளு பிடித்தால் ரசமாகவோ துவையலாகவோ தாராளமாகக் கொடுங்கள், நல்ல புரதம். கொழுப்பைக் கரைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பிள்ளை ஏற்கெனவே பல வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தால், பயந்துபோய் ஒரே நாளில் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று நிறைய உணவு போகும்போது இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், மயக்கம், எப்போதும் குளிர், சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுதல், நின்றுபோன மாதவிலக்கு, இவற்றில் எது இருந்தாலும் முதலில் குழந்தை மருத்துவர் அல்லது பொது மருத்துவர். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடியும் இரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியம், பாஸ்பேட் அளவுகளையும் ஈசிஜியையும் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி சேவை) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளை பேச மறுத்தால் பெற்றோரே அழைத்து விசாரிக்கலாம்.