திரையைப் பார்க்காமல் டிஸ்க்கைக் கணினிக்கு ஏற்றுவது எப்படி?

டிவிடியைப் போட்டதும் 'ப்ளே', 'காட்சிகள்', 'மொழி' என்று ஒரு மெனு வந்து நிற்குமே, அதில் ஒரு எழுத்துகூட கணினிக்கு எழுத்து கிடையாது. பின்னால் ஓடுவது வீடியோ, நாம் நகர்த்தும்போது பொத்தான்மேல் விழும் நிறம், சப்டைட்டில் எல்லாம் நான்கே நிறங்களில் வரைந்து வைத்த சின்னச் சின்னப் படங்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதைக் குரலாகச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அங்கே வாசிக்க ஒன்றுமே இல்லாததால் அது பேசாமல் இருந்துவிடும். என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் இன்செர்ட் விசையோடு ஆர் அழுத்தினால் விண்டோஸின் எழுத்துணரி அந்தப் படத்திலிருந்து சில சொற்களைப் பிடித்துத் தரும்தான், ஆனால் இப்போது எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்பதை அதனால் சொல்ல முடியாது.

டிஸ்க்கில் உள்ளதைக் கணினிக்கு மாற்றி, வீட்டு வைஃபை வழியாக டிவிக்கும் போனுக்கும் அனுப்பிக்கொள்வது மற்றவர்களுக்கு ஒரு வசதி. பார்வையற்ற ஒருவருக்கோ, தான் காசு கொடுத்து வாங்கிய படத்துக்குள் யார் துணையும் இல்லாமல் நுழைவதற்கு இதுதான் நம்பகமான வழி என்பேன். மெனுவுக்குள் படமாக அடைந்து கிடந்ததெல்லாம் கோப்புப் பெயராகவும் பட்டியலாகவும் மாறிவிடுகிறது, அப்புறம் அதை வாசிப்பான் வாசித்துவிடும். ஆனால் மாற்றித் தருகிற மென்பொருளும் வாசிப்பானோடு பேசத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

திரைவாசிப்பான் திரையைப் படம்பிடித்துப் படிக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமாக அது செய்வது கேள்வி கேட்பதுதான். விண்டோஸில் 'யூஐ ஆட்டோமேஷன்' போன்ற இடைமுகங்கள் வழியாக, "இப்போது எதன்மேல் இருக்கிறோம், அதன் பெயர் என்ன, அது என்ன வகை, என்ன நிலையில் இருக்கிறது?" என்று ஓடுகிற நிரலிடம் கேட்கும். "ஆங்கில ஒலி, தேர்வுப்பெட்டி, தேர்வாகவில்லை" என்று பதில் வந்தால் அதைக் குரலாக்கும். விண்டோஸ் தருகிற வழக்கமான பொத்தான்களையும் பட்டியல்களையும் நிரலர் அப்படியே பயன்படுத்தியிருந்தால் பெரும்பாலான பதில் தானாகவே போய்ச் சேரும். அழகுக்காகச் சொந்தமாக வரைந்த பொத்தான் என்றால் அந்தப் பதிலையும் அவர்தான் எழுதித் தர வேண்டும், எழுதாமல் விட்டால் கேட்பவருக்கு வெறும் "பொத்தான்" என்று மட்டும் கேட்கும், சில சமயம் அதுவும் கேட்காது. ஒரு நிரல் பார்வையற்றவருக்குப் பயன்படுமா என்பது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் முடிவாகிறது.

என்விடிஏவை 2006இல் மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலியர் எழுதத் தொடங்கினார். அவரும் பார்வையற்றவர். இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது, கூடவே வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் தெரியும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று முன்னேற்றப் பட்டை. டிஸ்க் நகலாகிக்கொண்டிருக்கும்போது சதவீதத்தை ஓயாமல் சொல்லி நச்சரிக்காமல் 'பீப்' ஒலி தரும். 110 ஹெர்ட்ஸில் தொடங்கி ஒவ்வொரு 25 சதவீதத்துக்கும் ஒலியின் அதிர்வெண் இரட்டிப்பாகும், அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகும். 100 சதவீதத்தில் 1760 ஹெர்ட்ஸ். வேறு வேலை செய்துகொண்டே பாதி தாண்டிவிட்டதா என்று காதாலேயே தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தப் பட்டையை நிரல் ஒழுங்காக அறிவித்திருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். பாட்டு சிடியில் கோப்பு என்று எதுவுமே கிடையாது. ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து வைத்த மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு காதுக்கும் தனித்தனியாக, எல்லாம் சேர்ந்து நொடிக்கு 1,76,400 பைட் நீளமாக ஓடிக்கொண்டிருக்கும், எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற ஒரு பட்டியல் மட்டும் டிஸ்க்கின் உள்வட்டத்தில் இருக்கும். பாட்டின் பெயர் பெரும்பாலான சிடிகளில் இருக்காது. அப்புறம் எப்படி மென்பொருள் பெயர்களைச் சொல்கிறது? பாட்டுகள் தொடங்கும் இடங்களையும் மொத்த நீளத்தையும் சேர்த்து 28 எழுத்தில் ஒரு அடையாளம் கணக்கிட்டு, மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற தரவுத்தளத்தில் தேடுகிறது. இந்தப் பெயர்கள் கிடைக்காவிட்டால் வாசிப்பான் வைத்திருப்பவர் "டிராக் 01, டிராக் 02" என்ற வரிசையைத்தான் கேட்க வேண்டியிருக்கும். தமிழ் ஆல்பங்கள் எல்லாமும் அங்கே இல்லை, எனவே நாமே தட்டச்சு செய்ய வேண்டிவரும். தமிழில் தட்டினால் வாசிப்பானிலும் தமிழ்க் குரலைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கீறல் விழுந்த சிடியில் இன்னொரு சிக்கல் உண்டு. பிழைதிருத்தத்தால் மீட்க முடியாத இடத்தை டிரைவ் அக்கம்பக்க மாதிரிகளை வைத்து ஊகித்து நிரப்பிவிடும், பாட்டு கேட்கும்போது அது பெரும்பாலும் தெரியாது. அதனால் சிடியை நகலெடுக்கும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற நிரல்கள் சந்தேகப்பட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். கடைசியில் 'அக்யூரேட்ரிப்' தரவுத்தளத்தில், அதே டிஸ்க்கை நகலெடுத்த மற்றவர்களின் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். விளைவு எழுத்தாகவே வருவதால் பார்வையற்றவருக்கும் இது முழுசாக உதவும். நகலை ஃபிளாக் வடிவில் வைத்தால் ஒலி ஒரு பிட்கூடக் குறையாமல் இடம் மட்டும் ஏறத்தாழ பாதியாகும்.

டிவிடியில் கோப்புகள் உண்டு, ஆனால் பெரும்பாலான படங்கள் நகலெடுக்க முடியாதபடி பூட்டியிருக்கும். மேக்எம்கேவி என்ற மென்பொருள் அந்தப் பூட்டைத் திறந்து, படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே எம்கேவி என்ற வகை வீடியோ கோப்பாக்கிவிடும். அதன் சன்னல், பொத்தான் உள்ள பதிப்பில் தலைப்பும் (டிஸ்க்கில் உள்ள தனித்தனி வீடியோ) ஒலித்தடமும் மரம் மாதிரி விரியும், தேர்வுப்பெட்டிகளில் குறிக்க வேண்டும். அது ஒத்துவராதவர்களுக்கு, கூடவே வருகிற, கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கட்டளைவரிப் பதிப்பைத்தான் நான் பரிந்துரைப்பேன். அங்கே கேள்வி, பதில் எல்லாமே எழுத்து. டிஸ்க்கில் எத்தனை தலைப்புகள், ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம், எத்தனை அத்தியாயம் என்று வரிவரியாக வரும், வாசிப்பானில் அம்புக்குறியை அழுத்தி நிதானமாகப் படிக்கலாம். சாதாரணமாக மிக நீளமான தலைப்புதான் படம்.

நகலெடுக்கும்போது ஒலித்தடங்களில் கொஞ்சம் நிதானம் தேவை. பல ஆங்கில டிஸ்க்குகளில் ஒலி விவரிப்பு என்று தனித்தடம் இருக்கிறது, வசனத்துக்கு நடுவே "அவள் கடிதத்தைக் கிழிக்கிறாள்" என்று ஒரு குரல் காட்சியைச் சொல்லிக்கொண்டே போகும். பட்டியலில் அதுவும் சில சமயம் வெறும் "ஆங்கிலம்" என்றே நிற்கும். ஆங்கிலம் என்று இரண்டு வந்து, ஒன்று ஆறு சேனல், இன்னொன்று ஸ்டீரியோ என்றால் இரண்டாவது விவரிப்பாகவோ இயக்குநரின் பேச்சாகவோ இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டையும் நகலெடுத்துவிட்டு அப்புறம் கேட்டுப் பார்ப்பதுதான் நல்லது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம், மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவத்தில் ஒரு படைப்பை நகலெடுக்க இடம் கொடுக்கிறது. பூட்டைத் திறப்பது பற்றி நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. சொந்த டிஸ்க், சொந்த வீடு என்ற எல்லைக்குள்ளேயே இருங்கள்.

வீட்டுக்குள் அனுப்ப ஜெல்லிஃபின் இருக்கிறது, 2018இல் எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள். பெயரும் வருடமும் போட்டு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்புறை வைத்தால் அதுவே விவரங்களைத் தேடி எடுத்துக்கொள்ளும். பிரவுசரிலேயே திறப்பதால், வலைப்பக்கம் படிக்கிற அதே விசைகளால் பட்டியலில் நகரலாம். அதற்கு முன்னால் எம்கேவி கோப்புகளைத் திருத்தும் எம்கேவிடூல்நிக்ஸில் 'ஹெடர் எடிட்டர்' என்ற பகுதியைத் திறந்து, விவரிப்புத் தடத்துக்கு 'ஒலி விவரிப்பு' என்று பெயர் வைத்து, அதையே இயல்பான தடமாகக் குறித்துவிடுங்கள். கோப்பை மறுபடி உருவாக்க வேண்டியதில்லை, சில நொடி வேலைதான். ஜெல்லிஃபின் அமைப்பிலும் இயல்பான தடத்தையே ஓட்டும்படி சொல்லிவைத்தால், மெனு எதுவும் தேடாமல் படம் விவரிப்போடேயே தொடங்கும்.